ஏலத்தில் எடுத்த கதவு

வாங்க மேஸ்திரி. அந்தப் பலகையை மிதிக்காதீங்க, பசை இன்னும் காயல. செருப்பைக் கழட்ட வேணாம், போட்டுக்கிட்டே வாங்க, இந்த வீட்ல வெறுங்காலோட நடந்தா எங்கயாவது ஆணி ஏறிடும். ஜெசிந்தா அனுப்பின ஆள்தானே நீங்க? என் பொண்ணுதான். ராத்திரியே போன் பண்ணிட்டா. "அப்பா, காலைல எட்டு மணிக்கு மேஸ்திரி வருவார், அவர்கிட்ட பேசிக்கிட்டு நிக்காதீங்க, அவரை வேலை பாக்க விடுங்க"ன்னா. பெத்த அப்பனுக்குச் சொல்ற புத்தி. நான் என்னத்த பேசப் போறேன் உங்ககிட்ட? பாத்ரூம் அதோ, ஹாலுக்கு வலது பக்கம். கடப்பாரையைக் கீழ வைங்க மொதல்ல. உக்காருங்க. அந்த சேர்ல இல்ல, அதுக்கு ஒரு கால் ஒட்டி வெச்சிருக்கேன். சிமெண்ட் மூட்டை மேல உக்காருங்க. டீ போடறேன். ஒன்பது மாசமா நானேதான் போட்டுக்கறேன்.

சுவரைத் தட்டிப் பாக்குறீங்களா? பாருங்க, நல்லா பாருங்க. சுண்ணாம்புக் காரை. ரயில்வேல கார்டா இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியக்காரர் கட்டின வீடு இது. அவர் ஆஸ்திரேலியா போறப்போ நான் வாங்கினேன். அந்தக் காலத்துச் செங்கல், ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். இப்படிப்பட்ட வீட்டை மேஸ்திரிங்க கைல குடுக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன். நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல முப்பத்தி நாலு வருஷம் ஃபிட்டர். ஒரு மயிரிழை தப்பினா சக்கரம் உக்காராது, அப்படிப் பழகின கை. ரிட்டையரான மறுநாள் காலைல உளியும் சுத்தியும் எடுத்தேன். இந்த வீட்டை என் கையாலயே புதுசாக்கிக் காட்டறேன்னு செசிலிகிட்ட சொன்னேன். செசிலின்னா என் வீட்டுக்காரி. அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "எத்தனை நாள் ஆகும்?" அவ்ளோதான் கேட்டா. சந்தோஷமா ஒரு வார்த்தை கிடையாது. ஆறு மாசம்னேன்.

ஒன்பது வருஷம் ஆச்சு. ஆச்சுன்னா என்ன, சும்மாவா உக்காந்திருந்தேன்? ஒரு நாள் சும்மா இருந்தேன்னு எவனாவது சொல்லட்டும். பழைய வீடு, ஒண்ணைத் தொட்டா ஒன்பது கெளம்பும். சமையல்கட்டுல ஒரு சுவிட்ச் மாத்தப் போனேன், உள்ள பாத்தா வயரெல்லாம் எலி கடிச்சிருக்கு. வயரை உருவினேன், காரை பேந்துக்கிட்டு வந்துது. காரை பூசலாம்னு பாத்தா மேல ஒழுகுது. மேல ஒழுகுறப்போ கீழ பூச முடியுமா, நீங்களே சொல்லுங்க. அதனால மாடிக்குப் போனேன். அவளுக்கு இந்த நியாயம் புரியல. "சுவிட்ச் என்னங்க ஆச்சு?" அதையே கேட்டுக்கிட்டிருந்தா. பதினாலு மாசம் வராண்டாவுல வெச்சு சமைச்சா. மாவுல சுண்ணாம்பு விழுதுங்கறா, துணியெல்லாம் தூசிங்கறா. பீரோவுல வைக்காம சேலை எல்லாத்தையும் சூட்கேஸ்ல போட்டுப் பூட்டி வெச்சிருந்தா, வெளியூர் போறவ மாதிரி. கல்யாணத்துக்குப் போகணும்னா சூட்கேஸைத் திறந்து ஒண்ணு எடுப்பா, மறுபடி மடிச்சு வெச்சுப் பூட்டுவா. சொந்த வீட்ல ஒரு பொம்பள இப்படியா இருப்பா? எனக்கு எவ்ளோ அவமானமா இருந்துது தெரியுமா.

ஒரு தடவை சொன்னேன், இயேசுவை வளத்த சூசையப்பர்கூட தச்சர்தான், தன் கையால வேலை செஞ்சவர்தாண்டின்னு. "அவர் எடுத்த வேலையை முடிச்சிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டிருப்பார்"ன்னா. அவளுக்கு வாய் அதிகம். அதிகமா பேச மாட்டா, ஆனா பேசினா அப்படித்தான்.

இந்தாங்க டீ. சக்கரை போதுமா? சரி, விஷயத்துக்கு வர்றேன். கக்கூஸ் கொல்லைல இருந்துது. நாலு படி இறங்கிப் போகணும். செசிலிக்கு முட்டி போச்சு, குத்துக்கால் வெச்சு உக்கார முடியல. வீட்டுக்குள்ளயே, ஹாலை ஒட்டி, வெஸ்டர்ன் வெச்சு ஒரு பாத்ரூம் கட்டணும்னு டாக்டரே சொன்னார். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "இதை மட்டும் ஒரு மேஸ்திரியை விட்டு பத்து நாள்ல முடிச்சிடுங்க, மத்ததெல்லாம் உங்க இஷ்டத்துக்குப் பண்ணிக்குங்க." என்கிட்ட கேக்கற கேள்வியா அது? என் பொண்டாட்டி முட்டிக்கு நான் செய்யாம எவனோ வந்து செய்யறதா? மூணு வருஷம் ஆச்சு, சரி. ஆனா செஞ்சேன். அந்த மூணு வருஷமும் அவ குளிக்கப் பக்கத்து வீட்டு தனபால் வீட்டுக்குப் போனா. போகச் சொல்லி நானா சொன்னேன்? கொல்லைல தண்ணி காய வெச்சுக் குடுக்கறேன்னுதான் சொன்னேன்.

எழுந்துட்டீங்களா? சரி, வாங்க, பாருங்க. இதுதான் நான் ஏலத்துல எடுத்த கதவு.

தொட்டுப் பாருங்க. பர்மா தேக்கு. மரத்துல செஞ்ச பழைய ரயில் பெட்டி ஒண்ணு, ஃபர்ஸ்ட் கிளாஸ், அதை ஒடைச்சு ஏலம் விட்டாங்க. அதுல இருந்த கக்கூஸ் கதவு இது. இதை எடுக்க நான் எத்தனை பேர்கிட்ட சொல்லி வெச்சேன், எத்தனை நாள் யார்டுல போய் நின்னேன். ஐம்பது வருஷம் டெல்லிக்கும் மெட்ராசுக்கும் ஓடியிருக்கு, ஒரு இடத்துல வளையல. இந்தப் பித்தளைத் தாழ்ப்பாள் பாருங்க, புளி போட்டுத் தேய்ச்சேன், மூஞ்சி தெரியும். இந்தத் தகட்டைப் படிங்க. "வண்டி நிலையத்தில் நிற்கும்போது உபயோகிக்கக் கூடாது." மூணு பாஷைல இருக்கு. கழட்ட மனசு வரல. வர்றவங்க படிச்சிட்டு சிரிக்கறாங்கன்னு செசிலிக்குக் கூச்சம். அவ அண்ணன் வந்தப்போ "மச்சான், இது என்ன ஸ்டேஷன்?"னு கேட்டுட்டான். சிரிச்சது அவன், கோபம் என்மேல.

உள்பக்கம் திறக்குதேன்னு பாக்குறீங்க. தெரியும், எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ரயில்ல கக்கூஸ் கதவு உள்பக்கம்தான் திறக்கும் மேஸ்திரி. வழில போறவன் மூஞ்சில இடிக்கக்கூடாதில்ல? அப்படியே நிலையோட எடுத்தேன், அப்படியே வெச்சேன். அதுவும் போக, மாதா படம் அந்தப் பக்கம் இருக்கு. வெளில திறந்தா மாதாவுக்கு நேரா திறக்கும், அது வேணாம்னு செசிலியே சொன்னா. சொன்னாளா இல்லையான்னு அவளையே கேளுங்க. மாதா படத்தை வேற சுவருக்கு மாத்தலாம்னும் சொன்னா, அது வேற விஷயம். அந்தச் சுவர்ல நான் இன்னும் பூச்சு முடிக்கல.

தரையை ஏன் அப்படிக் குனிஞ்சு பாக்குறீங்க? வாட்டம் சரியாத்தான் இருக்கு. தண்ணி கொஞ்சம் கதவுப் பக்கம் வரும், இல்லேங்கல. வழிச்சு விட்டா போயிடும். டைல்ஸ் நல்ல டைல்ஸ். சுவர்ல ஒட்டற டைல்ஸ், தரைல வழுக்கும்னு தனபாலும் சொன்னான். டைல்ஸ்ல என்னங்க சுவர் டைல்ஸ், தரை டைல்ஸ்? இது எவ்ளோ பளபளன்னு இருக்கு பாருங்க.

ஒன்பது மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகணும்னு அவ குளிக்கப் போனா. நான் மாடில கிரைண்டர் போட்டு ஓடு அறுத்துக்கிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. தனபால் படியேறி வந்து என் தோளைப் பிடிச்சு உலுக்கினான். "அருளப்பண்ணே, அக்கா உள்ள விழுந்துட்டாங்க, ரொம்ப நேரமா கத்தறாங்க"ன்னான். எப்படி இறங்கினேன்னு தெரியாது. கதவைத் தள்ளினேன், நாலு விரக்கடை நகர்ந்துது, அதுக்கு மேல நகரல. அவ கதவுல சாஞ்சே விழுந்து கிடக்கா. தள்ளினா கத்தறா. இடுப்பெலும்பு ஒடஞ்சிருக்கு, அது அப்போ எங்களுக்குத் தெரியாது.

தனபால் உங்க கடப்பாரை மாதிரி ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டான். "மேல் பலகையை ஒரே போடு போட்டா உள்ள எறங்கிடலாம்"னான். நான் உடைக்காதேன்னேன். சொன்னேன், இல்லேங்கல. எதுக்குச் சொன்னேன்? உடைச்சா மரம் அவ மேல விழும், அதுக்குத்தான் சொன்னேன். இதை நான் எத்தனை தடவை சொல்லிட்டேன், யாரும் கேக்கறதில்ல. "உடைக்காதே தனபால், பர்மா தேக்கு"ன்னு சொன்னதா சொல்றாங்க. அதையும் சொன்னேன். ஒரு அவசரத்துல மனுஷன் வாய்ல என்ன வருதுன்னு அவனுக்கே தெரியுமா? அதைப் போய் அவ உள்ள கிடந்துக்கிட்டு கேட்டிருக்கா.

கீல் எல்லாம் உள்பக்கம், கழட்ட முடியாது. ஆனா கீழ் பலகை இருக்கு பாருங்க, இந்தக் காத்துப் பலகை, இது வெளில இருந்து ஸ்க்ரூ போட்டது. பதினாறு ஸ்க்ரூ. பித்தளை. அதைக் கழட்டினா பலகை வந்துடும், ஆள் உள்ள போயிடலாம். யாருக்குத் தோணும் அந்த நேரத்துல? எனக்குத் தோணுச்சு. உக்காந்து ஒவ்வொண்ணா கழட்டினேன். அவ உள்ள இருந்து "ஏங்க, உடைச்சிடுங்க"ன்னா. "ரெண்டு நிமிஷம் செசிலி"ன்னேன். மறுபடி சொன்னா. அப்புறம் சொல்லல. தனபால் என் பின்னால நின்னு மூச்சு வாங்கறான். அவன் நின்னா எனக்கு வேலை ஓடாதுன்னு அவனை வாசலுக்குப் போய் ஆட்டோ கூப்பிடச் சொன்னேன். அரை மணி நேரம் ஆச்சுன்னு அவன் சொல்றான். எனக்கு அவ்ளோ நேரம் ஆன மாதிரி தெரியல. கடைசி ஸ்க்ரூவும் வந்துது, பலகையை எடுத்தேன், உள்ள போனேன், தனபாலும் வந்தான், தூக்கினோம். கதவுல ஒரு கீறல் இல்ல. நீங்களே பாக்குறீங்களே.

ஆபரேஷன், பிளேட், எல்லாம் ஆச்சு. ஆஸ்பத்திரில இருந்து நேரா கரூர், ஜெசிந்தா வீட்டுக்கு. பத்து நாளைக்குன்னுதான் சொன்னாங்க. சூட்கேஸ் தயாரா இருந்துதே, வசதியாப் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு நான் பாக்கப் போனேன். வெறுங்கையோட போகல. பாத்ரூம்ல அவ பிடிச்சுக்க ஜிஐ பைப்ல ஒரு கைப்பிடி பண்ணி, வளைச்சு, ராவி, பெயிண்ட் அடிச்சு, பஸ்ல தூக்கிட்டுப் போனேன். கண்டக்டர் அதுக்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்டான். அவ கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தா. எளைச்சுப் போயிருந்தா. கைப்பிடியைப் பாக்கல, என்னைப் பாத்தா. "கதவு இருக்கா?"ன்னு கேட்டா. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு மேஸ்திரி. இந்த நிலைமைலயும் கேக்கறாளேன்னு. "இருக்கு செசிலி, ஒண்ணும் ஆகல, ஒரு கீறல் இல்ல"ன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. சாயங்காலம் வரைக்கும் திரும்பல. நான் தப்பா என்ன சொன்னேன்? ஜெசிந்தா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "நீங்க கெளம்புங்கப்பா"ன்னா. பெத்த பொண்ணு. கைப்பிடியை அங்கயே விட்டுட்டு வந்தேன், மாட்டினாங்களா இல்லையான்னு தெரியல.

இப்போ மாப்பிள்ளைக்கு புனேக்கு மாத்தல். வர்ற இருபதாம் தேதி எல்லாரும் கெளம்பறாங்க. செசிலிக்கும் சேத்து டிக்கெட் போட்டிருக்காங்க. ஆனா அவ போறேன்னு சொல்லல. ஜெசிந்தா அன்னைக்கு அழுதுக்கிட்டே சொன்னா. "அம்மாவுக்கு பாஷை தெரியாத ஊருக்கு வர இஷ்டமில்லப்பா. வீட்டுக்கு வர்றேங்கறாங்க. ரெண்டே விஷயம்தான் கேக்கறாங்க. பாத்ரூமை ஒரு மேஸ்திரி கையால முடிக்கணும். அந்தக் கதவு இருக்கக்கூடாது. ரெண்டும் ஆச்சுன்னா இருபதாம் தேதிக்குள்ள கொண்டுவந்து விட்டுட்டுப் போறேன்." நான் சரின்னுட்டேன். யோசிக்கவே இல்ல, சரின்னுட்டேன். நான் மரமா, கல்லா? எனக்கு அவ வேணாமா? கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷம் மேஸ்திரி. ஒரு ஆளுக்கு அரிசி எவ்ளோ போடணும்னு இன்னும் எனக்குக் கைக்கு வரல, தினமும் மிஞ்சுது. சாயங்காலமானா இந்த ஹால்ல உக்காந்து, எந்தச் சுவரை மொதல்ல பூசினா அவ மொதல்ல பாப்பான்னு யோசிப்பேன். உங்களுக்கு என்ன வேணுமோ பண்ணுங்க. தரையைத் தோண்டுங்க, டைல்ஸைப் பேத்துடுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

எங்க, கடப்பாரையை எடுத்துட்டீங்களா? மொதல்ல கதவா? ஆமா, கதவு போனாத்தான் குப்பையை அள்ள முடியும், புரியுது. நிலையோட சேத்து ஒரே அடியா நெம்பிடலாம்னா...

இருங்க. இருங்க மேஸ்திரி. உடைக்காதீங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? கதவு போகணும்னுதானே அவ சொன்னா, உடைக்கணும்னு சொல்லலையே. கழட்டி எடுத்தா என்ன? இப்போ உள்ள யாரும் இல்ல. மூணு கீல், கீலுக்கு நாலு, மொத்தம் பன்னெண்டு ஸ்க்ரூ. கால் மணி நேரம். மாடில சாச்சு வெச்சுப் பிளாஸ்டிக் போட்டு மூடிட்டா, அவ மாடி ஏறப் போறதில்ல, பாக்கப் போறதுமில்ல. அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. அது இல்ல, மரக்கைப்பிடி போட்டது.

பாருங்க, எப்படி வருதுன்னு. நூல் பிடிச்ச மாதிரி. மேல் கீல் முடிஞ்சுது. நீங்க கடப்பாரையை வெச்சிட்டு ஒரு பக்கம் தாங்குங்களேன். நடுக் கீல்... ஒண்ணு, ரெண்டு... இதுவும் முடிஞ்சுது. பாத்தீங்களா, வாய் பேசிக்கிட்டே முடிச்சிட்டேன். கீழ் கீல்ல மூணு வந்துடுச்சு. நாலாவது சண்டித்தனம் பண்ணுது. தண்ணி பட்டுப் பட்டுப் பிடிச்சிக்கிட்டிருக்கு. அழுத்தித் திருப்பினா தலை வழுக்கிடும், அப்புறம் மரத்தைத்தான் வெட்டணும். வேணாம். கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு ஊற விடுவோம். ஒரு ராத்திரி ஊறினா காலைல தானா வரும். நீங்க நாளைக்கு வாங்க. இருபதாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. ஒரு நாள்ல என்ன வந்துடப் போகுது? சிமெண்ட் காயணும்தான், ஏழு நாள் போதும். போதாதா? பத்து நாளா? சரி, அதுக்கும் கணக்கு சரியா வருதே.

உங்க போன் அடிக்குது. யாரு, ஜெசிந்தாவா? வேலை ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லுங்க. பொய் இல்லையே, பத்து ஸ்க்ரூ, இல்ல, பதினொண்ணு கழட்டியிருக்கு. என்கிட்டயா? என்னால கையை எடுக்க முடியாது, கதவு ஒரு கீல்ல தொங்குது. காதுல வைங்க.

ஹலோ. ஜெசிந்தா, மேஸ்திரி வந்துட்டாரும்மா...

செசிலி. நீயா. எப்படி இருக்கே? சாப்பிட்டியா?

இருக்கு. கழட்டிக்கிட்டே இருக்கேன், கைலதான் பிடிச்சிருக்கேன். ஒரே ஒரு ஸ்க்ரூதான், அதுவும் காலைல வந்துடும். உடைக்காம முழுசா கழட்டிடறேன் செசிலி, நீ ஒண்ணும் கவலைப்படாதே... செசிலி? ஹலோ.

கட் ஆயிடுச்சு. டவர் இல்ல. இந்தத் தெருவுல எப்பவும் இப்படித்தான், நடு ஹால்ல நின்னா கிடைக்காது, வாசலுக்குப் போகணும். குரல் நல்லாத்தான் இருந்துது. முன்ன மாதிரி இல்ல, தெளிவா இருக்கு. அவளே பேசினா பாத்தீங்களா? ஒன்பது மாசத்துல போன்ல பேசினது இதான் மொதல் தடவை. அதே கேள்விதான் கேட்டா, இருந்தாலும் பேசினாளே.

மறுபடி அடிக்குது, எடுங்க. நான் சொன்னேனில்ல, டவர்தான்.

என்னவாம்? ஏன் தலையாட்டுறீங்க? என்ன சொல்றா ஜெசிந்தா?

வேலை வேணாமா? வேணாம்னா, இன்னைக்கு வேணாமா?

யார் சொன்னது, ஜெசிந்தாவா, செசிலியா? கேளுங்க. வெச்சிட்டாளா. அம்மாவே சொல்லிட்டாங்கன்னாளா. புனேக்குக் கூடவே போறாங்களாமா. சரி.

சரி மேஸ்திரி, நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மேல தப்பில்ல. ஒரு ஸ்க்ரூவுக்காக இப்படிப் பண்ணுவாளா ஒருத்தி? நீங்களே பாத்தீங்க, சாட்சி நீங்க. கழட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்.

எங்க கெளம்பிட்டீங்க? கொஞ்சம் நில்லுங்க. போறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. கதவு தொங்குது, ஒரு ஆளா தூக்கி மாட்ட முடியாது. அப்படித்தான். மேல, இன்னும் கொஞ்சம் மேல. மெதுவா, சுவர்ல இடிக்காதீங்க. பிடிச்சுக்குங்க, அந்த ஸ்க்ரூவெல்லாம் இங்கதான் வெச்சேன்.